ஜோடி நாளில் தனி ஆள்

“ஜோடியில ஒருத்தர் வரலைன்னா உள்ள விட முடியாதுங்க மேடம்...”

பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலில் பச்சைத் தொப்பி போட்டு நின்ற பெண் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். முதல் முறை மரியாதையாக. இரண்டாவது முறை பரிதாபமாக. மூன்றாவது முறை, பின்னால் நிற்கிற வரிசை முழுவதற்கும் கேட்கும்படியாக!

வரிசையின் முன்னால் நின்றவளுக்குக் காது மடல் சுட்டது. போனை மறுபடி நீட்டினாள். “டிக்கெட் இருக்கே... ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இருக்கு. ஒருத்தர் வரல. உங்களுக்கு அதுல என்ன நஷ்டம்?”

“வெள்ளிக்கிழமை ஜோடி நாள் மேடம். டிக்கெட்லயே போட்டிருக்கோம். ரெண்டு பேர் கையிலயும் ஒரே நம்பர் பட்டை கட்டுவோம். ஒவ்வொரு ரைடுலயும், ஒவ்வொரு ரெஸ்டாரண்ட்லயும் ரெண்டு கையையும் காட்டினாத்தான் கதவு திறக்கும். தனியா உள்ள போய் என்ன பண்ணுவீங்க... வேடிக்கை பார்ப்பீங்களா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா பின்னே? அத்தனை பேரும் விரல் கோத்து நிற்கிற இடத்தில் ஒற்றையாக ஒருத்தி, அதுவும் இஸ்திரி போட்ட நீல உடையும் புதுச் செருப்புமாக வந்து நின்று வழக்குப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

திரும்பிப் போய்விடலாம். போனால் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். ‘ஆறு மணி வரைக்கும் எதுக்குடி? இப்பவே சரின்னு சொல்லிடேன்’ என்பாள். அதற்குப் பயந்துதானே இங்கே வந்தது...

“சாரி... சாரிங்க... லேட் ஆயிடுச்சு!”

குரல் அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. உயரமாக ஒருவன். சாயம் போன சட்டை. மூக்கின் மேல் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்த கண்ணாடி. லேட்டாகி ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் அந்தக் கோணல் கண்ணாடிதான்.

“இவங்ககூட வர வேண்டியது நான்தாங்க,” என்று தொப்பிக்காரியிடம் கையை நீட்டினான்.

யாருங்க நீங்க என்று கேட்க வாய் திறந்தாள். கேட்டால்? ‘என் ஆள் வரவில்லை, இவர் யாரென்றே எனக்குத் தெரியாது’ என்று நாற்பது ஜோடிகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ரோஷம் அவள் வாயைப் பொத்தியது. அதற்குள் பட்டை கட்டியாகிவிட்டது. அவள் இடது கையில் ஒன்று. அவன் வலது கையில் ஒன்று. இரண்டிலும் நூற்றுப் பதினேழு.

உள்ளே போனதும் பூச்செடிகள் மறைக்கிற இடம் வரை பேசாமல் நடந்தாள். மறைந்ததும் திரும்பினாள்.

“என்ன தைரியம் உங்களுக்கு!”

“தைரியமெல்லாம் இல்லீங்க. நானும் தனி ஆள். என்னையும் விடல. ஒரு மணி நேரமா அந்த மரத்தடியிலதான் நிக்கிறேன். நீங்க வந்து சண்டை போட்டதைப் பார்த்ததும்... சரி, ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுதானேன்னு...”

“கணக்கு வாத்தியாரா?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“அதான்... அடுத்தவங்க கதவு மூடுறதுக்குள்ள கையை நுழைச்சுப் பழக்கம்!”

அவன் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணாடி இன்னும் கொஞ்சம் சரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது. எட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கின் மேல் ஃப்ரேமை நேராக்கி உட்கார வைப்பவள் அவள். கோணல் கண்ணாடியோடு ஒருவன் எதிரே நிற்பது, சமையல்காரிக்கு எதிரே பால் பொங்கி வழிவது மாதிரி.

“இதோ பாருங்க. உள்ள வந்தாச்சு. இனிமே நீங்க உங்க வழி, நான் என் வழி.”

“சரிங்க.”

வீறாப்பாக நடந்து முதல் ரைடின் வாசலுக்குப் போனாள். கையைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை. சின்னத் திரையில் ‘இன்னும் ஒரு கை’ என்று எழுத்து ஓடியது. பத்து நிமிடம் அங்கேயே நின்று, கையைத் துடைத்து, பட்டையைத் துடைத்து, திரையையும் துடைத்துப் பார்த்தாள். இயந்திரத்துக்கு ரோஷம் புரியுமா என்ன? திரும்பினாள். நாலடி தள்ளி அவன் நின்றிருந்தான். வலது கையை மட்டும் நீட்டினான்.

அப்படித்தான் ஆரம்பித்தது அந்த நாள்.

*

ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அவன் சட்டைப் பையில் போடப் போனான்.

“ஐயையோ, பையில போடாதீங்க! லென்ஸ் கீறிடும்.” தன் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தாள். அவளுடைய பையில் சீப்பு இருக்காது, கண்ணாடிக் கூடு இரண்டு இருக்கும். “இதுல வையுங்க. என் பை லாக்கர்ல இருக்கட்டும்.”

“அப்போ நான் எதையும் பார்க்க முடியாதே... பக்கத்துல நீங்க இருக்கீங்களா, வேற யாராவது இருக்காங்களான்னுகூடத் தெரியாது.”

“நல்லதாப் போச்சு.”

வண்டி மேலே ஏறத் தொடங்கியது. அடியில் சங்கிலி கடகடவென்று இழுத்தது. அவன் தலையைச் சாய்த்து அதைக் கேட்டான். வைத்தியர் நெஞ்சில் காது வைப்பதைப்போல அத்தனை அக்கறையாக...

“எண்ணெய் போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது. பல்சக்கரமும் புதுசு. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க.”

“நான் பயப்படல. நீங்கதான் கம்பியை விட மாட்டேங்கறீங்க.”

“மேல தூக்குறது என் தொழிலு... கீழ விழுறது எனக்குப் பழக்கமே இல்லீங்க!” என்றான். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அம்மா!” என்று அலறிய அலறலில் முன் சீட்டில் இருந்த ஜோடி திரும்பிப் பார்த்தது.

அவள் சிரித்தாள். வயிறு வலிக்க, கண்ணில் நீர் வர, காற்று வாய்க்குள் புகுந்து அடைக்கச் சிரித்தாள்.

இறங்கியதும், வண்டி விழும்போது எடுத்த போட்டோவைத் திரையில் காட்டினார்கள். அவன் கண்ணை மூடியிருந்தான். பக்கத்தில் ஒருத்தி வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். யார் இது என்று பார்த்தவளுக்கு, தான்தான் என்று தெரிய ஒரு விநாடி ஆயிற்று. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

மூன்று வாரம்... ஆமாம், சொல்லிவிடலாம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். நல்ல சம்பளம், நல்ல பேச்சு. இந்த டிக்கெட்டே அவர்தான் இரண்டு மாதம் முன்னால் ஆசையாகப் போட்டது. மூன்று வாரம் முன்னால் ஒரு நாள், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியோடு அவருக்குப் பழக்கம் என்று தெரிந்தது. கேட்டாள். மறுக்கவில்லை. ‘தப்புத்தான். ஆனா முடிவு உன் கையில. நீ சரின்னா எல்லாத்தையும் விட்டுடறேன். நீ வேண்டாம்னா அவளைக் கட்டிக்கிறேன்’ என்றார். எவ்வளவு தாராளம்! தப்பு செய்தவர் ஹாயாக உட்கார்ந்துகொண்டார். முடிவெடுக்கும் பாரம் அவள் தலையில்.

பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று, ஊர் என்ன சொல்லும் என்று அம்மா அழுதாள். அக்கா, மாமா, சித்தி எல்லோரும் ஒரே பல்லவி பாடினார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: ‘வெள்ளிக்கிழமை ஒரு நாள் என்னை விடுங்க. டிக்கெட் இருக்கு, தனியாவே போறேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் சொல்றேன்.’

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் திரையில் தெரிந்த சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

மத்தியானம் ரெஸ்டாரண்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ராட்டினம், ஊஞ்சல், படகு எல்லாம் நின்றுபோய் நனைந்தன. மழை... விட்டுவிட்டுப் பெய்கிற ரகமில்லை. மூன்று வாரமாக அவள் அழாமல் வைத்திருந்ததை யாரோ மொத்தமாக எடுத்துக் கொட்டியதைப் போன்ற மழை. ஓடி வந்ததில் இருவருமே நனைந்திருந்தார்கள். அவன் கண்ணாடியில் நீர்த்துளிகள். துடைக்கத் தெரியாமல் சட்டை நுனியால் துடைத்தான்.

“அடடா... கொடுங்க இங்க!” பிடுங்கி, பையிலிருந்த மெல்லிய துணியால் துடைத்துக் கொடுத்தாள். “சட்டையில துடைக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணாடியே விக்கக் கூடாது.”

“கடையில எல்லார்கிட்டயும் இப்படித்தான் திட்டுவீங்களா?”

“கடையில இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

அவன் ஒரு கணம் தடுமாறினான். “பையில கூடு, துணி, ஸ்க்ரூ டிரைவர்... வேற என்ன வேலையா இருக்கும்?”

சூடாக சூப் வந்தது. ரொட்டி வந்தது. வறுத்த மீன் வந்தது. கடைசியில் ஒரே ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீமும் இரண்டு ஸ்பூனும் வந்தன. ஜோடி நாளாயிற்றே! அவள் ஸ்பூனால் நடுவில் ஒரு கோடு போட்டாள். “இந்தப் பக்கம் என்னோடது. தாண்டி வராதீங்க.”

“உருகினா?”

“உருகி எந்தப் பக்கம் வருதோ அவங்களுக்கு.”

போன் அடித்தது. அக்கா. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடி கவிழ்த்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். மேனேஜர், கம்பெனிப் பெண், மண்டபம், ஆறு மணி... எல்லாவற்றையும். வீட்டில் ஒருவரிடமும் இப்படி முழுசாகச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவனிடம் என்ன வெட்கம்?

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பக்கத்து ஐஸ்கிரீம் தொடாமலேயே உருகியது.

“எல்லாரும் என்ன சொல்வாங்கன்னு சொன்னீங்க,” என்றான் கடைசியில். “உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். மூன்று வாரத்தில் இப்படி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்களுக்கு யாரு வரல?” என்று கேட்டாள், குரல் சரியானதும்.

“எனக்கும் நிச்சயமாகியிருந்துச்சு. அவளுக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சுப் போச்சு.”

“திரும்பி வந்தா ஏத்துப்பீங்களா?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “இன்னைக்குக் காலை வரைக்கும் ஏத்துப்பேன்னுதான் நெனச்சேன்.”

அந்தப் பார்வை... ஆயிரக்கணக்கான கண்களை அளந்தவளுக்கு, அதை எந்த ஸ்கேலில் அளப்பது என்று தெரியவில்லை. கன்னம் சூடானது. சட்டென்று குனிந்து அவனுடைய பக்கத்து ஐஸ்கிரீமில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கோட்டைத் தாண்டிட்டீங்க...”

“உருகி வந்துச்சு,” என்றாள்.

*

மழை விட்டதும் எதை விட்டார்கள்? மோதும் காரில் மோதினார்கள். ராட்டினத்தில் இரண்டு சுற்று. சங்கிலி ஊஞ்சலில் கண்ணாடி மறுபடி அவளுடைய கூட்டுக்குள் போயிற்று. ஒவ்வொரு கதவிலும் இரண்டு கைகள் பக்கத்தில் பக்கத்தில் நீண்டன. முதலில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. நாலு மணிக்கு மேல் விரல்கள் உரசின. இருவருமே விலக்கிக்கொள்ளவில்லை.

ராட்டினத்தின் உச்சியில் இருந்தபோதுதான் சொன்னாள்.

“முடிவு பண்ணிட்டேன். வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

மகிழ்ச்சியடைவான் என்று நினைத்தாள். அவன் முகம் வெளுத்தது.

“அவசரப்படாதீங்க... ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கே...”

“எதுக்கு? நீங்கதானே கேட்டீங்க, எனக்கு என்ன வேணும்னு?”

“ஆமா... ஆமா, நான்தான் கேட்டேன்.” கம்பியைப் பிடித்த அவன் விரல்கள் வெள்ளையாகிவிட்டன. உயரம் என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்து அவள் மனசுக்குள் சிரித்தாள். பாவம், பைத்தியக்காரி.

ஐந்தே கால் மணிக்குக் கடைசிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நிறைய பேர் கிளம்பிவிட்டார்கள். மூலை மேசை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்து, “இதை இப்படியே கொடுக்க என் மனசு கேக்காது,” என்றாள். “காலையிலேர்ந்து கோணலாவே பார்த்துப் பார்த்து என் கழுத்து வலிக்குது.”

கைப்பையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். காதுப்பக்கக் கம்பியை மெல்ல வளைத்தாள். மூக்கில் உட்காரும் இரண்டு சின்னத் தாங்கல்களையும் சரி செய்தாள். எழுந்து போய் அவனெதிரே குனிந்து, தானே மாட்டிவிட்டாள். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

“என் நெத்தியைப் பாருங்க,” என்றாள். கடையில் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிற வார்த்தை. தானாக வந்துவிட்டது.

அவன் அவளுடைய நெற்றியைப் பார்த்தான். அவள் அவனுடைய கண்மணிகளைப் பார்த்தாள். ஃப்ரேம் இப்போது நேராக இருந்தது. ஆனால் கண்கள் நடுவில் விழவில்லை. வலது கண்மணி மூக்கை ஒட்டி, இடது தள்ளி... மூக்கின் நடுவிலிருந்து வலது முப்பது மில்லிமீட்டர் இருக்கும். இடது முப்பத்து நாலு. இப்படி நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் வருடத்தில் ஒரு தடவைகூட வராது. போன தடவை வந்தது எப்போது?

திங்கட்கிழமை.

குனிந்தவள் அப்படியே நின்றாள். திங்கட்கிழமை சாயங்காலம். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருந்த ஒருவர் வந்து, படிக்கத் தனியாக ஒன்று வேண்டும் என்றார். ‘உங்களுக்குத் தேவையே இல்லையே, எதுக்கு வீணா?’ என்று கேட்டாள். பரவாயில்லை, வேண்டும் என்றார். அளந்தாள். முப்பதா, முப்பத்து நாலா, தப்பாக அளந்துவிட்டோமா என்று இரண்டாவது முறையும் அளந்தாள். ‘மூக்கில் எப்போதாவது அடிபட்டதா?’ என்று கேட்டாள். ‘ஒரு தடவை லிஃப்ட் கதவு இடிச்சுது’ என்றார்.

ஒரு சாண் தூரத்தில் நின்று அளந்திருக்கிறாள். இரண்டு கறுப்புப் புள்ளிகளையும் ஸ்கேலையும் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை! மூன்று வாரமாக அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

“திங்கக்கிழமை,” என்றாள். “படிக்கிற கண்ணாடி.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்க என் கடைக்கு வந்தீங்க. என்னைத் தெரிஞ்சு வந்தீங்க. இன்னைக்கும் தெரிஞ்சுதான் அந்த மரத்தடியில நின்னீங்க. யாரு நீங்க?”

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தான். “இது இல்லாமச் சொல்றேன். உங்க முகம் தெரிஞ்சா எனக்கு வாய் வராது.”

“சொல்லுங்க.”

“உங்க மேனேஜரோட பழகுறாளே... அந்த கம்பெனிப் பொண்ணு... அவதான் எனக்கு நிச்சயமானவ.”

சர்வர் வந்து இரண்டு காபிக் கோப்பைகளை வைத்துவிட்டுப் போனான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவகிட்ட நான் கெஞ்சினேன். அவ சொன்னா... ‘அவங்க சரின்னு சொல்லிட்டா அவர் என்னை விட்டுடுவார், அப்போ நான் உன்கிட்டயே வந்துடறேன். அவங்க வேண்டாம்னா நான் அவரைக் கட்டிப்பேன்’னு. வெக்கமில்லாம அதுக்கும் சரின்னேன். நீங்க இன்னைக்குத் தனியா இங்க வருவீங்கன்னும் அவர் மூலமாத் தெரிஞ்சு அவதான் சொன்னா. திங்கக்கிழமை கடையில கேட்கலாம்னு வந்தேன். முடியல. கண்ணாடி ஆர்டர் குடுத்துட்டுப் போயிட்டேன்.”

“என்ன கேட்க?”

“அவரை ஏத்துக்கோங்கன்னு.” குரல் உடைந்தது. “உங்க கையைக் காலைப் பிடிச்சாவது சரின்னு சொல்ல வைக்கணும்னுதான் வந்தேன்.”

ஓ... காலையில் நீண்ட கை அதற்குத்தான். நல்ல வேடிக்கை! அவளை ஒருவன் ஏமாற்றினான். அவனிடமே அவளைத் திரும்பப் பிடித்துக் கொடுக்க இன்னொருவன் டிக்கெட் இல்லாமல் வந்து நின்றிருக்கிறான். அதற்குள் அவள் என்னவெல்லாம் நினைத்தாள்... ஐஸ்கிரீமில் கோடு போட்டாளே, அழித்தாளே...

அழுகை வரவில்லை. கோபம் வந்தது. மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்து அவன் மூக்கின் மேல் அழுத்தி மாட்டினாள்.

“இப்பச் சொல்லுங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. இன்னும் அதைத்தான் கேட்கறீங்களா?”

அவன் பார்த்தான். நேராகிவிட்ட கண்ணாடி வழியே முழுசாகப் பார்த்தான். கண்கள் நிறைந்தன.

“இல்ல. வேண்டாம்னே சொல்லுங்க. எனக்கு அவ வேண்டாம். உங்களை... உங்களைப் பிடிச்சுப் போச்சுங்க. மத்தியானமே சொல்லியிருக்கணும். சொன்னா எழுந்து போயிடுவீங்களேன்னு பயந்துட்டேன். இன்னும் ஒரு ரைடு, இன்னும் ஒரு ரைடுன்னு...”

அவள் மெல்லச் சிரித்தாள். காலையில் போட்டோவில் சிரித்தவள் இல்லை இவள்.

“நான் சரின்னா உங்களுக்கு அவ. வேண்டாம்னா அவளுக்கு அவர். இப்போ வேண்டாம்னா உங்களுக்கு நான். என் ஒரு வார்த்தையில யார் யாருக்கு என்னென்ன கிடைக்கும்னு எல்லாரும் பார்த்தாச்சு. எனக்கு என்ன வேணும்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான்னு மத்தியானம் நெனச்சேன்.”

“அது நெஜமாத்தான் கேட்டேன்! சத்தியமா...”

“இருக்கலாம். நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? சொல்லுங்க. ராட்டினத்துல அவசரப்படாதீங்கன்னு சொன்னீங்களே, அப்போ பேசினது யாரு... அவளுக்காக வந்தவரா, என்னைப் பிடிச்சவரா?”

பொய் சொல்லியிருந்தால்கூட அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “தெரியலீங்க,” என்றான்.

அந்த ஒரு நேர்மைக்காக அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

போனை எடுத்தாள். மணி ஐந்து முப்பத்தைந்து. அக்கா முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

“அக்கா... வேண்டாம்னு சொல்லிடு. இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன். அம்மாகிட்ட நானே பேசிக்கறேன்.” அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள்.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததைப் பார்த்தாள். அதை அணைக்க வேண்டியிருந்தது.

“இது உங்களுக்காக இல்ல,” என்றாள். “உங்க கண்ணாடி செவ்வாய்க்கிழமை ரெடியாயிடும். மத்தியானத்துக்கு மேல வாங்க. அந்த நேரம் வேற ஒருத்தர் கவுண்டர்ல இருப்பார்.”

கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்து கையைப் பிடித்திருந்தால்... என்று நினைத்தபடியே கதவு வரை நடந்தாள். அவன் வரவில்லை. எங்கே கையை நீட்டக் கூடாது என்று ஒரே நாளில் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது.

வாசலில் அதே பச்சைத் தொப்பி. கத்தரிக்கோலால் பட்டையை வெட்டிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“ரோலர் கோஸ்டர் போட்டோ ஜோடிகளுக்கு ஃப்ரீ மேடம்! நூற்றுப் பதினேழு... இதோ. சூப்பரா வந்திருக்கு. கூட வந்தவர் எங்க?”

அட்டையில் அவன் கண்ணை மூடியிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கை அதை வாங்கத்தான் நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“நான் தனியாத்தான் வந்தேன்,” என்றாள்.

*

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நனைந்த சாலையில் வண்டிகளின் வெளிச்சம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. சாலை கலங்கவில்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. மூன்று வாரமாக வராதது இப்போது நிற்காமல் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினாள்.

போன் அடித்தது.

“என்னடி பேசிட்டிருக்கும்போதே வச்சுட்டே? மாமா தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அம்மா...” அக்கா சட்டென்று நிறுத்தினாள். “அழறியா?”

அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள்.

“வேண்டாம்னு வாயால சொல்லிட்டு இப்ப எதுக்குடி அழறே?” அக்காவின் குரல் இறங்கியது. “இன்னும் அவரைப் பிடிச்சிருக்கா? சொல்லு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. நான் பேசறேன்.”

“அவரில்லக்கா.”

“பின்ன?”

இடது மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு சிவந்திருந்தது.

“வேற ஒருத்தர்... எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருந்துதுக்கா.”

“வேற ஒருத்தரா?” அக்கா திகைத்துப் போனாள். “எத்தனை நாளாடி?”

“இன்னைக்குத்தான்,” என்றாள். “காலையில பத்து மணியிலேர்ந்து... சாயங்காலம் அஞ்சரை வரைக்கும்.”